சின்ன பாக்கெட் ரிவியூ: சரம் சரமா தொங்குற நம்ம பொருளாதாரம்

முப்பதாயிரம் ரூபா போனுக்கு எத்தனையோ ரிவியூ கிடைக்குது, ஏர் ஃப்ரையருக்கு கிடைக்குது, ஆனா நாட்டுல பாதிப் பேரு தினமும் காசு குடுத்து வாங்குற பொருளுக்கு யாரும் உக்காந்து ரிவியூ எழுதி நான் பாக்கல. அதான் எழுதுறேன். இது ஒரு பிராண்டப் பத்தி இல்ல, ஒரு சைஸப் பத்தி. பெட்டிக்கடை வாசல்ல சரமா தொங்குதே ஒரு ரூபா ரெண்டு ரூபா ஷாம்பு, அதுக்குப் பக்கத்துல அஞ்சு ரூபா பிஸ்கட், பத்து ரூபா டீத்தூள், பத்து ரூபா பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அந்தக் கூட்டம் மொத்தத்தையும் ஒரே ப்ராடக்டா எடுத்துக்கிட்டு பேசுறேன்.

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். நல்ல ப்ராடக்ட், இது இல்லன்னா நெறைய வீட்டுல குளியலும் இல்ல டீயும் இல்ல. ஆனா விலை அப்படியே நின்னு உள்ள இருக்கிற கிராம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க, நாட்டோட வளர்ச்சி யாரு வீட்டு வரைக்கும் வந்துச்சு, யாரு தெருமுனையில நின்னு போச்சுங்கிறதுக்கு எனக்கு அத விட நம்பிக்கையான கணக்கு வேற தெரியல.

இது பொறந்தது நம்ம கடலூர்ல. சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், பணக்காரங்க வீட்டுல இருக்கிறது கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுலயும் இருக்கணும், அதுக்கு அவங்க கையில இருக்கிற காசுக்கு ஏத்த மாதிரி சின்னதா போட்டுக் குடுக்கணும்னு நெனச்சவர். ஷாம்பு அப்போ பாட்டில்லதான் வரும், டவுன்ல வசதியான வீட்டு பாத்ரூம் சாமான் அது, மத்தவங்களுக்கு சீயக்காயும் குளிக்கிற சோப்பும்தான். அவர் பையன் சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபா முதல் போட்டு தனியா ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. காலி சாஷே, அதான் இந்த சின்ன ஷாம்பு பாக்கெட், கொண்டாந்தா புதுசு ஒண்ணு ஃப்ரீன்னு ஸ்கீம் போட்டு கிராமம் கிராமமா இறங்கினாங்க, அப்புறம் 50 பைசாவுக்கே சாஷே வந்துச்சு. பெரிய பெரிய வெளிநாட்டு கம்பெனிங்கல்லாம் இதப் பாத்துட்டுதான் பின்னாடி வந்தாங்க. நான் இத ரொம்ப மதிக்கிறேன், மனசாரச் சொல்றேன். ஏழைன்னா அவனுக்கு வாசனை வேண்டாம், நுரை வேண்டாம், அவன் கஸ்டமரே கிடையாதுன்னு எல்லாரும் நெனச்ச காலத்துல அவனையும் கஸ்டமரா மரியாதையா நடத்தின பொருள் இது.

சரி, காசுக்கு ஒர்த்தா? இங்க நெறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ஷாம்புல சாஷேதான் லாபம். நான் ஒரே பிராண்டோட பாட்டிலையும் சாஷேவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கணக்கு போட்டுப் பாத்தேன், மில்லி ஒண்ணுக்கு சாஷேல ஆகுற விலையப் போல பாட்டில்ல கிட்டத்தட்ட டபுள் வருது. பெருசா வாங்கினா மலிவுங்கிற பொதுவான நம்பிக்கைக்கு நேர் எதிர். காரணமும் சிம்பிள்தான், சாஷே வாங்குறவங்களுக்கு ஒரு ரூபா ஏத்தினா அடுத்த நாளே வேற பிராண்டுக்கு மாறிடுவாங்க, கடைக்காரர் கையில பத்து கம்பெனி சரம் தொங்குது, அதனால அங்க போட்டி கடுமை. பாட்டில் வாங்குறவங்க அவ்ளோ யோசிக்க மாட்டாங்கன்னு கம்பெனிக்குத் தெரியும். அதனால ஷாம்பு விஷயத்துல நீங்க எவ்ளோ சம்பளம் வாங்குனாலும் சரி, ஒரு சரம் வாங்கி பாத்ரூம்ல தொங்க விட்டுக்கோங்க.

ஆனா இத வச்சு ‘ஏழைங்க சின்னதா வாங்கினா அவங்களுக்குத்தான் லாபம்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சமையல் பக்கம் வந்தா கதையே வேற. சமையல் எண்ணெய், டீத்தூள், பருப்பு, மசாலா, இதெல்லாம் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வாங்கிப் பாருங்க, கிலோ கணக்குல, லிட்டர் கணக்குல போட்டா மாசாமாசம் மொத்தமா வாங்குற வீட்ட விட இவங்கதான் ஜாஸ்தி குடுக்குறாங்க. மொத்தமா வாங்குற வீட்டுக்கு டிஸ்கவுண்ட், ஆப்ல கூப்பன், டோர் டெலிவரி. இங்க பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குற அக்காவுக்கு எம்ஆர்பில பத்து பைசா குறையாது.

ஏன் மொத்தமா வாங்க மாட்டேங்குறாங்க, சேத்து வச்சு வாங்கலாமேன்னு கேக்குறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், கேக்கும்போதே எனக்கு கோவம் வரும். கூலி அன்னன்னிக்கு சாயங்காலம் வருது, மழை பெஞ்சா வராது, மேஸ்திரி கூப்பிடலன்னா வராது. வந்த கூலில குழுக் கடனுக்கு வாரத் தவணை எடுத்து வைக்கணும், அது தப்பினா கூட்டத்துல பத்து பேரு முன்னாடி நிக்கணும், அதுக்கு பயந்து சாப்பாட்டக் குறைச்சாவது அத கட்டிடுவாங்க. மிச்சத்துலதான் அன்னிக்கு ராத்திரி சமையல். நாடு முழுக்க எடுத்த 2022-23 குடும்பச் செலவு சர்வேல கிராமத்துல அடிமட்டத்துல இருக்கிற 5 சதவீதம் பேரோட மாசச் செலவு ஆளுக்கு 1,373 ரூபா. ஒரு நாளைக்கு 45, 46 ரூபா, அதுலயே சோறு, துணி, பஸ், மாத்திரை எல்லாம். அதே சர்வேல டவுன்ல மேல இருக்கிற 5 சதவீதம் பேருக்கு 20,824 ரூபா. நாளைக்கு 45 ரூபா வச்சிருக்கவங்க கிட்ட அஞ்சு லிட்டர் கேன் வாங்குங்க மலிவா வரும்னு எப்படிச் சொல்றது? அவங்களுக்கு கணக்கு தெரியாம இல்ல, நம்ம எல்லார விடவும் நல்லா தெரியும், கையில காசு ஒண்ணா சேர விடாம வருமானம் துண்டு துண்டா வருது, அதுக்கு ஏத்த மாதிரி பொருளையும் துண்டு துண்டா வாங்குறாங்க, அவ்வளவுதான்.

இப்ப கிராமுக்கு வரேன். இந்த ரிவியூவ எழுத வச்சதே அதுதான்.

அஞ்சு ரூபா, பத்து ரூபாங்கிறது கம்பெனிகளுக்கு மாத்த முடியாத விலை. அஞ்சு ரூபா காயின், பத்து ரூபா நோட்டு, சின்ன பசங்க கூட கையில புடிச்சுக்கிட்டு வந்து வாங்குறது. அதுல ஆறு ரூபான்னு போட்டா சில்லறைப் பிரச்சனை வரும், கடைக்காரரே வாங்கி வைக்க மாட்டாரு. அதனால எண்ணெய் விலை ஏறினாலும் கோதுமை ஏறினாலும் மேல விலை மாறாது, உள்ளதான் குறையும். 2022ல உக்ரைன் போர், அப்புறம் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிய நிறுத்தினதுன்னு வரிசையா வந்தப்ப இது பெருசா நடந்துச்சு, பாத்திரம் தேய்க்கிற பத்து ரூபா விம் பார் 155 கிராம்லேருந்து 135 கிராமுக்கு வந்தது செய்தியிலயே வந்துச்சு. அதே 2022லதான், பிஸ்கட் மாதிரி பல சாமானுக்கு இந்தந்த எடையிலதான் பாக்கெட் போடணும்னு இருந்த பழைய விதியும் போச்சு, அதுக்கு பதிலா ஒரு கிராமுக்கு என்ன விலைன்னு பாக்கெட்ல அச்சடிக்கணும்னு கொண்டாந்தாங்க. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனா அந்த எழுத்தப் பாத்திருக்கீங்களா, சின்ன பாக்கெட்டோட பின்னாடி மடிப்புல, தேதி பேட்ச் நம்பரோட சேந்து, கண்ணாடி போட்டவங்களுக்கே தெரியாது. முன்னாடி என்ன கிராம் இருந்துச்சுன்னு எங்கயும் போடவும் வேண்டியதில்ல. வாங்குறவங்களுக்கு பாக்கெட் சைஸ் அதேதான், உள்ள காத்துதான் அதிகம்.

பெட்ரோல் விலை ஏறினா டிவில விவாதம் நடக்குது, காய் விலை ஏறினா எல்லாரும் பேசுறாங்க. 20 கிராம் குறைஞ்சா யாரும் பேசுறதில்ல. ஆனா வீட்டுல நடக்குறது என்னன்னா முன்னாடி பத்து நாள் வந்த சோப்பு எட்டு, ஒம்போது நாள்லயே கரைஞ்சு போகுது, நாலு பசங்க பிரிச்சுக்கிட்ட பிஸ்கட்ல ஒருத்தனுக்கு ஒண்ணு குறையுது. விலைவாசி ஏறுறதுங்கிறது இந்த வீடுகளுக்கு இப்படித்தான் வந்து சேருது.

இத பொருளாதாரம் மெதுவாகுறதோட எதுக்கு கோக்குறேன்னு கேப்பீங்க. 2019 ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் மாசம் பார்லே கம்பெனி, கிராமத்துல அஞ்சு ரூபா பிஸ்கட் விற்பனையே குறையுது, இப்படியே போனா 10,000 பேர் வரைக்கும் வேலையவிட்டு அனுப்ப வேண்டி வரலாம்னு சொன்னாங்க. முன்னாடி 12 சதவீதமா இருந்த வரி மலிவு பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டில 18 சதவீதமாச்சு, அத ஈடுகட்ட பாக்கெட்ல பிஸ்கட்ட குறைச்சோம், ஜனங்க வாங்குறதும் குறைஞ்சிடுச்சுங்கிறது அவங்க சொன்ன காரணம். அந்த நேரத்துல அரசு வெளியிட்ட கணக்குப்படி ஏப்ரல்-ஜூன் காலாண்டு வளர்ச்சி 5 சதவீதம், முந்தின வருஷம் அதே காலாண்டுல 8. கார் விக்கலன்னா சரி தள்ளிப் போடுறாங்கன்னு சொல்லலாம், அஞ்சு ரூபா பிஸ்கட்ட தள்ளிப் போடுறாங்கன்னா அந்த வீட்டுல வேற எதையுமே குறைக்க மிச்சம் இல்லன்னு அர்த்தம். பணமதிப்பிழப்புல தினக்கூலி ஆளுங்களும் சின்ன பட்டறைகளும் வாங்கின அடி, அதுக்கு மேல அவசர அவசரமா வந்த ஜிஎஸ்டி, விலைவாசியக் கழிச்சுப் பாத்தா ஏறாமயே கிடந்த கிராமத்துக் கூலி, எல்லாம் சேந்து அங்க வந்து நின்னுச்சு.

அதுக்கு என்ன பண்ணாங்க? அந்த செப்டம்பர்ல கம்பெனிகளோட வருமான வரிய 30லேருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, அரசுக்கு வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபா வரவு குறையும்னு அவங்களே சொன்னாங்க. பிஸ்கட் மேல இருந்த 18 சதவீதம் அப்படியே இருந்துச்சு, ஆறு வருஷம் கழிச்சு 2025 செப்டம்பர் 22லதான் அது 5 ஆச்சு. ஆறு வருஷம்! நடுவுல கொரோனா வேற. வாங்குறவங்க கையில காசு இல்லாதப்ப விக்கிறவங்களுக்கு வரியக் குறைச்சா அவங்க எதுக்கு புது ஃபேக்டரி போடுவாங்க, யாருக்கு வித்துடப் போறாங்க? இந்த எளிய கேள்விய பெட்டிக்கடை நடத்துற எந்த அக்காகிட்ட கேட்டாலும் பதில் சொல்லுவாங்க, கடைக்கு ஆள் வரலன்னா அவங்க புது சரக்கு இறக்க மாட்டாங்க.

கிராமத்து ஜனங்க செலவே குறைஞ்சு போச்சுன்னு காட்டின 2017-18 சர்வேயும் அந்த சமயத்துலதான் பத்திரிகைல கசிஞ்சுது, டேட்டா தரம் சரியில்லன்னு சொல்லி அரசு அத வெளியிடவே இல்ல. அத நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் 2024. ஜூலை-செப்டம்பர் வளர்ச்சி 5.4 சதவீதம்னு மொதல்ல கணக்கு வந்துச்சு, எல்லாரும் எதிர்பார்த்தத விட குறைவு. இந்த தடவ வளர்ச்சிய கீழ இழுத்தது டவுன் பக்கம். அந்த அக்டோபர்ல நெஸ்லே இந்தியா தலைவர், எங்களுக்கு வழக்கமா வாங்குற நடுத்தர கூட்டம் சுருங்குது, மேல இருக்கிற விலை கூடின பொருள் நல்லா போகுதுன்னு பொதுவுல சொன்னாரு. எங்க தெரு கடையிலயே இது தெரியுது. முன்னாடி அரை கிலோ டீத்தூள் வாங்கின வீடு நூறு கிராமுக்கு வந்திருக்கு, நூறு கிராம் வாங்கினவங்க பத்து ரூபா பாக்கெட்டுக்கு வந்திருக்காங்க, மாசத்துல இருபது தேதிக்கு மேல இது இன்னும் ஜாஸ்தி. ஐடி, பேங்க் வேலைன்னு இருக்கிற வீடுங்கதான், பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், வீட்டு இஎம்ஐ, தனியார் ஆஸ்பத்திரி பில்னு எல்லாம் பெரிய பெரிய துண்டா போயிட்டு மளிகைக்கு சின்ன துண்டுதான் மிஞ்சுது. ரெண்டு தெரு தள்ளி அதே நேரத்துல பத்து நிமிஷத்துல டெலிவரி ஆகுற ஐஸ்கிரீமும் வெளிநாட்டு பழமும் போய்க்கிட்டே இருக்கு. கொண்டு போய் குடுக்குற தம்பி தன் வீட்டுக்கு வாங்குறது இந்த சின்ன பாக்கெட்தான்.

மொத்த நாட்டுக்கும் இதோட அளவு என்னன்னு பாக்கணும்னா, ஏற்றத்தாழ்வப் பத்தி ஆராயுற பிரெஞ்சு பொருளாதார நிபுணர் தாமஸ் பிக்கெட்டி உள்பட சில ஆய்வாளர்கள் 2024ல ஒரு கணக்கு போட்டாங்க. 2022-23ல நாட்டு வருமானத்துல 22.6 சதவீதம் மேல இருக்கிற ஒரு சதவீதம் பேருக்கு போகுது, சொத்துல 40.1 சதவீதம் அவங்ககிட்ட. கீழ இருக்கிற பாதிப் பேருக்கு சேத்து வருமானத்துல 15 சதவீதம். வளர்ச்சி 6, 7ன்னு எவ்ளோ வந்தாலும் அது முக்காவாசி ஒரே பக்கம் போய் குவிஞ்சா பிஸ்கட் யாரு வாங்குவா? பணக்காரரு ஒருத்தரு ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் சாப்பிட முடியாதுல்ல. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமான்னு ஒரு கேள்வி, அது எனக்கு முக்கியம், ஆனா அது பிடிக்காதவங்க கூட இத யோசிங்க, வாங்குற சக்தி இல்லாத நாட்டுல வளர்ச்சியும் கொஞ்ச தூரம் போய் மூச்சு வாங்கி நின்னுடும்.

சின்ன பாக்கெட்லயே ஒண்ணு காணாமப் போனதையும் சொல்லணும், செல்போன் ரீசார்ஜ். பத்து ரூபா டாப்-அப் போட்டு மாசக்கணக்குல இன்கமிங் ஓட்டின காலம் உண்டு, அது நாட்டுலயே சிறந்த சின்ன பாக்கெட். 2018 கடைசில பெரிய கம்பெனிங்க மாசம் 35 ரூபாயாவது போட்டாத்தான் நம்பர் உயிரோட இருக்கும்னு ஆரம்பிச்சாங்க. 2024 ஜூலை விலையேத்தத்துக்கு அப்புறம் 28 நாள் பிளானே 189, 199ன்னு ஆச்சு. பத்து ரூபா டாப்-அப் இன்னும் இருக்கு, ஆனா வேலிடிட்டி இல்லாம அத போட்டு பிரயோஜனம் இல்ல. பேச்சு மட்டும் போதும், டேட்டா வேண்டாம்ங்கிறவங்களுக்கு தனி பிளான் குடுங்கன்னு போன் கம்பெனிகள கண்காணிக்கிற ட்ராய் அமைப்பு உத்தரவு போட்டுச்சு, வந்த பிளான் என்னன்னா 84 நாளுக்கு மொத்தமா 400 ரூபாய்க்கு மேல. நாள் கணக்கு போட்டா மலிவுதான், ஆனா 400 ரூபா ஒரே தடவையா எடுத்து வைக்க முடியாதவங்களுக்குத்தானே அந்த பிளானே வேணும்! கட்டட வேலை, வீட்டு வேலை, கேட்டரிங், எல்லாத்துக்கும் இப்ப கூப்பிடுறது போன்லதான், நம்பர் கட் ஆனா அன்னிக்கு வேலை கட்.

குப்பையப் பத்தி ஒரு வார்த்த. இந்த பல அடுக்கு கவர பழைய இரும்பு கடையில எடுக்க மாட்டாங்க, ரீசைக்கிள் பண்றது கஷ்டம், நேரா சாக்கடைக்கும் ஏரிக்கும்தான். மழை வந்தா தண்ணி நிக்கிறது யாரு தெருவுல, இத வாங்கினவங்க தெருவுலதான். போட்ட கம்பெனிதான் இதுக்கு பொறுப்பு எடுக்கணும்.

யாருக்கு எத சொல்லுவேன்னா, ஷாம்புக்கு சாஷேவே வாங்குங்க. பிஸ்கட், சோப்புக்கு பாக்கெட்ட பாக்காதீங்க, கடையிலயே திருப்பி எத்தன கிராம்னு படிங்க, ஜிஎஸ்டி குறைஞ்சதுக்கு அப்புறம் சில பாக்கெட்ல கிராம் கொஞ்சம் ஏறியிருக்கு, எல்லாத்துலயும் ஏறல, ஏறினத எடுங்க. எண்ணெய், பருப்பு மட்டும் முடிஞ்ச வரைக்கும் சின்னதா வாங்காதீங்க, தமிழ்நாட்டுல இருந்தா ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூபா, துவரம் பருப்பு கிலோ 30 ரூபா, வெளி விலையில ரெண்டும் எங்கயோ இருக்கு. ரேஷன் பாமாயில் நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க, அந்த ஒரு லிட்டர் வீட்டுக்கு வந்தாலே மாசத்துல எத்தன பத்து ரூபா பாக்கெட் மிச்சம்னு நீங்களே பாருங்க. ஸ்டாக் வந்த அன்னிக்கே போயிடுங்க, மாசக் கடைசில போனா சில கடையில பருப்பு இல்லன்னு சொல்லிடுவாங்க.

கம்பெனிகள்கிட்டயும் அரசுகிட்டயும் கேக்குறது ஒண்ணுதான். எம்ஆர்பி எந்த சைஸ் எழுத்துல இருக்கோ அதே சைஸ்ல, பாக்கெட்டோட முன்பக்கத்துல, தமிழ்லயும் சேத்து கிராமும் 100 கிராம் விலையும் போடுங்க, கிராம் குறைச்சா மூணு மாசத்துக்கு ‘முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு’ன்னு கவர்லயே அடிங்க. கவர் எப்படியும் புதுசாத்தான் அடிக்கிறீங்க.

மார்க்: ஷாம்பு சாஷே 5க்கு 4. பிஸ்கட், சோப்பு 3, கிராம் ஏறினா 4 குடுப்பேன். எண்ணெய், டீத்தூள் 2. ரீசார்ஜ் 1, அந்த ஒண்ணும் இன்கமிங் கால் வருதுங்கிறதுக்காக.